இலக்கு முதுகுக்குப் பின்னால்

ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவருக்கு எல்லைக்கோடு கண்ணெதிரே தெரிகிறது. மிதிவண்டிப் பந்தயத்திலும் அப்படியே. துடுப்புப் படகுப் பந்தயத்தில் கலந்துகொள்பவரோ, தாம் சென்றடைய வேண்டிய இடத்திற்கு முதுகைக் காட்டி அமர்கிறார். மல்லாந்து நீந்துவோரை விட்டுவிட்டால், பெரிய விளையாட்டுகளில் இத்தகைய நிலை வேறு எவருக்கும் இல்லை. கடந்துவந்த நீர்ப்பரப்பு மட்டுமே அவர் கண்முன் விரிகிறது. இதனால் ஒரு வியப்பான விளைவு நேர்கிறது. முந்திச் செல்பவர் தமக்குப் பின்னால் வரும் படகுகள் அனைத்தையும் காண்கிறார். கடைசியாகச் செல்பவர் கண்ணுக்கு ஒருவரும் தென்படுவதில்லை. மற்றவர்களின் துடுப்பொலி மட்டும் முதுகுப்புறத்திலிருந்து கேட்கிறது.

இந்த விளையாட்டில் பதினேழு, பதினெட்டு வயது மாணவ மாணவியர் உலக அளவில் மோதும் களம் ஒன்று உண்டு. உலக இளையோர் துடுப்புப் படகு வாகையர் போட்டி என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நாட்டின் ஏரியிலோ, அதற்கென வெட்டப்பட்ட நீர்நிலையிலோ அது நடைபெறுகிறது. வடகிழக்கு ஐரோப்பாவில் உள்ள லிதுவேனியா நாட்டின் திராக்காய் நகரம் இப்போட்டிக்குப் பலமுறை இடமளித்திருக்கிறது. நகரை ஒட்டிய கல்வே ஏரியின் நடுவே, தீவு ஒன்றில், செங்கல்லால் எழுப்பப்பட்ட இடைக்காலக் கோட்டை நிற்கிறது. 2017 ஆகத்து மாதத்தில் பல நாட்டு இளையோர் இந்த ஏரியில்தான் துடுப்பு வலித்தனர்.

பள்ளி ஆசிரியரும் பந்தயமும்

துடுப்புப் படகுப் பந்தயம் பழமையானது. இலண்டனின் தேம்சு ஆற்றில், ஆள் ஏற்றிப் பிழைத்த இளம் படகோட்டிகளுக்காக 1715-இல் தொடங்கிய டாகெட் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் முதன்முதலில் 1829-இல் மோதினர். 1892-இல் இத்தாலியின் தூரின் நகரில் பன்னாட்டுத் துடுப்புப் படகுக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஒலிம்பிக் இயக்கத்தைச் சேர்ந்த பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளுள் மிக மூத்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் இளையோருக்கென்று தனியே ஒரு பன்னாட்டுப் போட்டி அமைய மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1967-இல் செருமனியின் இராட்செபர்க் என்னும் சிற்றூரில் அது முதன்முதலாக நடந்தது. 1970-இல் கிரேக்க நாட்டின் இயோனினா நகரில் நடந்தபோது வாகையர் போட்டி என்னும் தகுதியைப் பெற்றது. பெண்களுக்கான பந்தயங்கள் 1978-இல் சேர்க்கப்பட்டன.

இராட்செபர்க் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தகுந்த காரணம் இருந்தது. அவ்வூரில் கார்ல் ஆதாம் என்னும் பள்ளி ஆசிரியர் வாழ்ந்தார். அவர் பந்தயத்தில் துடுப்புப் பிடித்தவர் அல்லர். இளமையில் குத்துச்சண்டை வீரராக விளங்கியவர். தம் மாணவர்களுக்குப் படகோட்டப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, மரபாகச் சொல்லப்பட்டு வந்த முறைகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. ஓட்டப் பந்தய வீரர்களைப்போல் விரைவும் ஓய்வும் மாறிமாறி வரும் பயிற்சியைப் புகுத்தினார். துடுப்பின் வடிவையும் மாற்றிப் பார்த்தார். 1920 முதல் 1956 வரை ஒலிம்பிக்கின் எண்மர் படகுப் பந்தயத்தில் அமெரிக்கர்களே தொடர்ந்து தங்கம் வென்று வந்தனர். 1960-இல் உரோமில் அந்தத் தொடரை அறுத்தவர்கள் ஆதாமிடம் பயின்றோர் இடம்பெற்ற செருமன் அணியினர். ஒரு சிற்றூர்ப் பள்ளியின் படகுத்துறையில் நடந்த ஆய்வு உலகின் பயிற்சி முறையையே மாற்றியது என்று கூறினால் அது மிகையன்று.

இளையோர் என்பதற்கு விதி தெளிவான வரையறை தருகிறது. ஒருவர் பதினெட்டு வயதை எட்டும் ஆண்டின் டிசம்பர் 31 வரை இளையோர் பிரிவில் கலந்துகொள்ளலாம். எனவே டிசம்பர் 31 அன்று பிறந்தவரைவிட ஒரே ஒரு நாள் தாமதமாக, சனவரி 1 அன்று பிறந்தவருக்குக் கூடுதலாக ஒரு பருவம் கிடைக்கிறது. வளரும் வயதில் ஓராண்டு என்பது பல சென்டிமீட்டர் உயரம். பல கிலோகிராம் தசை. பெரும்பாலான மாணவர்களுக்கு இப்போட்டியில் நுழைய ஒரு கோடைதான் வாய்க்கிறது; சிலருக்கு இரண்டு.

படகும் துடுப்பும்

அம்பி, ஓடம், தோணி, திமில், வங்கம் எனக் கலங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல உள்ளன. பந்தயப் படகு இவற்றுள் எதனோடும் ஒப்பிட முடியாத அளவுக்கு மெலிந்தது. ஒருவர் மட்டும் அமரும் ஒற்றைப் படகின் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். அகலம் ஏறத்தாழ ஓர் அடி. அதன் எடை 14 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது, ஓட்டுபவரே அதனைத் தோளில் தூக்கிச் சென்று நீரில் இறக்கிவிடலாம். எண்மர் படகு 17 மீட்டருக்கும் மேல் நீண்டது. குறைந்த அளவு எடை 96 கிலோகிராம். கரிம இழைகளால் செய்யப்படும் இப்படகுகள் துடுப்புகள் நீரில் படிந்திருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும். துடுப்பை விட்டுவிட்டால் ஒற்றைப் படகு கவிழ்ந்துவிடும்.

படகின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தாங்கிகளின் முனையில் துடுப்பு பொருத்தப்படுகிறது. ஒருவர் இரண்டு கைகளாலும் ஒரே துடுப்பை வலிப்பது ஒரு வகை; கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகளை வலிப்பது மற்றொரு வகை. இருக்கை சிறு உருளைகளின்மீது முன்னும் பின்னும் நகரும். காலணிகள் படகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இந்த அமைப்பை அறியாதவர்கள் துடுப்பு வலித்தலைக் கைவேலை என்று கருதுவர். உண்மையில் அது கால்களின் வேலை. முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பை நீரில் இறக்கி, பாதங்களால் உதைக்கும்போதுதான் பெரும்பகுதி ஆற்றல் பிறக்கிறது. அதன்பின் முதுகு சாய்கிறது. இறுதியில் கைகள் மடங்குகின்றன. உடலின் வலிமை மிக்க தசைகள் தொடையில் இருப்பதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டியே வீரர் இலக்குக்கு முதுகு காட்டி அமர்கிறார்.

ஒன்றுபடுதலின் இயற்பியல்

கூடித் துடுப்பு வலிப்பதை ஒற்றுமைக்கு உவமையாகக் கூறுவது எல்லா மொழிகளிலும் உள்ள வழக்கம். மேடைப் பேச்சில் அது பொதுவான அறிவுரையாக நின்றுவிடுகிறது. படகில் அது துல்லியமான இயற்பியல்.

எண்மர் படகின் எடை 96 கிலோகிராம் என்றால், அதில் அமர்ந்திருப்போரின் மொத்த எடை அதைப்போல் ஆறேழு மடங்கு இருக்கும். இவ்வளவு பெரிய எடை, நகரும் இருக்கைகளின்மீது நிமிடத்திற்கு முப்பது முறைக்குமேல் முன்னும் பின்னும் செல்கிறது. வீரர்கள் படகின் பின்முனையை நோக்கி நகரும்போது, அவர்களின் பாதங்கள் படகைத் தம்மை நோக்கி இழுக்கின்றன. படகு முன்னோக்கி விரைகிறது. இதனால், துடுப்புகள் நீருக்கு வெளியே இருக்கும் வேளையில்தான் படகின் வேகம் உச்சத்தை எட்டுகிறது. துடுப்பு நீரில் இறங்கும் நொடியில் வேகம் தாழ்ந்துவிடுகிறது. முதன்முறை கேட்பவர் இதனை நம்புவதில்லை. ஆனால் வேகத்தை அளக்கும் கருவிகள் ஒவ்வொரு வீச்சிலும் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டுகின்றன.

எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் சிறிது விரைந்து பின்முனைக்கு வந்துவிட்டால், அவருடைய எடை மற்றவர்களுக்கு முன்னதாகப் படகில் மோதி அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது. ஒருவர் துடுப்பைச் சிறிது தாமதமாக இறக்கினால், அந்த ஒரு கணத்திற்கு ஏனைய எழுவரும் அவருடைய எடையைச் சுமந்து செல்கின்றனர். ஒருவர் கைப்பிடியைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ படகு ஒரு பக்கம் சாய்கிறது. எதிர்ப்பக்கத்தாரின் துடுப்புகள் நீரைச் சரியாகப் பற்றுவதில்லை. ஆகவே, காலம் தவறிய வலிமை வீணாவதோடு நிற்பதில்லை. மற்றவரின் உழைப்பையும் அது கெடுக்கிறது. அணியிலேயே மிக வலிமையான ஒருவரை இறக்கிவிட்டு, அவரினும் மெலிந்த ஒருவரை அமர்த்தியபின் படகு விரைந்து செல்வதைப் பயிற்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவ்வாறு இறக்கப்படும் இளைஞருக்கு அது எளிதில் புரியும் செய்தி அன்று. தனியே பயிற்சி எந்திரத்தில் அளந்தால் அவருடைய எண்ணே முதலிடத்தில் இருக்கும்.

நீரின் எதிர்ப்பும் ஒரு கணக்கை வைத்திருக்கிறது. படகின் வேகம் கூடும்போது எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடியில் கூடுகிறது; அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியில் கூடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்த வேண்டுமானால், திறனை ஏறத்தாழ முப்பத்துமூன்று விழுக்காடு உயர்த்த வேண்டும். தொடக்கத்தில் பாய்ந்துவிட்டு நடுவில் தளர்பவர், சீராகச் செல்பவரைவிட அதிக ஆற்றலைச் செலவிட்டு அதே தொலைவைக் கடக்கிறார். இது எல்லோருக்கும் தெரிந்ததே. இருப்பினும் இளையோர் பந்தயங்களில் முதல் 500 மீட்டரில் நெருப்பாய் எரிந்து, மூன்றாம் 500 மீட்டரில் அணைந்துபோகும் படகுகளை ஆண்டுதோறும் காணலாம்.

இரண்டாயிரம் மீட்டர்

பந்தயத் தொலைவு 2000 மீட்டர். ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் துடுப்புப் படகுப் பந்தயம் 1976-இல் சேர்க்கப்பட்டபோது அவர்களுக்கு 1000 மீட்டரே போதும் என்று முடிவு செய்திருந்தனர். 1988 முதல் அவர்களும் 2000 மீட்டர் ஓட்டுகின்றனர். முதலில் போட்ட தடைக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதை அவர்களே ஓட்டிக் காட்டினர்.

ஆறு தடங்கள் மிதவைக் கயிறுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். உரோம் ஒலிம்பிக் பந்தயம் நடந்த அல்பானோ ஏரியின் பெயராலேயே இந்த மிதவை முறை இன்றும் அழைக்கப்படுகிறது. தொடக்க மேடையில் ஒருவர் குப்புறப் படுத்து, படகின் பின்முனையைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பார். அணிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும். பிறகு எச்சரிக்கைக் குரல், செந்நிற விளக்கு, எவ்வளவு நேரம் என்று எவரும் கணிக்க முடியாத ஓர் இடைவெளி, பச்சை விளக்கு. அந்த இடைவெளியில் பொறுமையிழந்து முந்தினால் எச்சரிக்கை கிடைக்கும். இருமுறை முந்திய அணி நீக்கப்படும்.

நின்ற நிலையில் இருக்கும் படகைக் கிளப்ப முதல் சில வீச்சுகள் குறுகியனவாக அமையும். வீச்சு வேகம் நிமிடத்திற்கு நாற்பதைத் தாண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் அது முப்பத்தைந்தை ஒட்டித் தணிந்து ஒரு சீருக்கு வரும். உடலுக்குள் அதே வேளையில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. ஆக்சிசன் போதுமான அளவு வந்துசேரும் முன்னரே தசைகள் முழு ஆற்றலைக் கேட்டதால் அங்கு அமிலத்தன்மை கூடுகிறது. தொடைகள் எரிகின்றன, மூச்சு முட்டுகிறது. பந்தயத்தில் இன்னும் முக்கால் பகுதி மீதி இருக்கிறது. வலி வருமா என்பது அங்குக் கேள்வியே அன்று. வந்தபின் வீச்சின் நீளத்தைக் குறைத்துவிடாமல் இருக்க முடியுமா என்பதே கேள்வி. களைத்த உடல் தன்னையறியாமலேயே குறுக்குவழி தேடும். முன்னே முழுதாக வராமல் பாதியிலேயே துடுப்பை இறக்கும். ஒருவர் அப்படிச் செய்தால், மேலே கண்டவாறு எட்டுப் பேரின் ஒழுங்கும் குலைந்துவிடும்.

மூன்றாம் 500 மீட்டரில் பார்வையாளர்களின் ஆரவாரம் கேட்காது. தொடக்கத்தின் வேகமும் அங்கில்லை. முடிவின் நெருக்கமும் இல்லை. பெரும்பாலான பந்தயங்கள் தீர்மானிக்கப்படுவது அந்த வெற்றிடத்தில்தான். கடைசி 500 மீட்டரில் வீச்சு வேகம் மீண்டும் நாற்பதை நெருங்குகிறது. ஒற்றைப் படகு ஏறத்தாழ ஏழு நிமிடத்திலும், எண்மர் படகு ஏறத்தாழ ஆறு நிமிடத்திலும் எல்லையைத் தொடுகின்றன. ஆறு நிமிடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வீச்சுகள். முடிவு ஒரு நொடியின் நூற்றில் சில பங்குகளில் அமைவதுண்டு. படகின் முன்முனையில் பாதுகாப்புக்காகப் பொருத்தப்படும் வெண்ணிற இரப்பர் உருண்டை கோட்டைத் தொடும் கணத்தை ஒளிப்படக் கருவி பதிவு செய்கிறது.

இடையில் நேரக்கூடியது ஒன்று உண்டு. துடுப்பின் அலகு கோணம் தவறி நீருக்குள் சிக்கிக்கொண்டால், ஓடும் படகின் வேகம் முழுவதும் கைப்பிடி வழியாக வீரரின்மீது திரும்புகிறது. அது அவரை மல்லாக்கத் தள்ளும். சில வேளைகளில் படகிலிருந்தே தூக்கி எறியும். வீரர் ஒருவரை இழந்த அணி எஞ்சியோருடன் எல்லையைக் கடந்தால் அந்த முடிவு செல்லும் என்கிறது விதி. சுக்கான் பிடிப்பவரை இழந்த அணிக்கு அந்தச் சலுகை இல்லை.

பெயர் தெரியாத சிறுவன்

துடுப்பே பிடிக்காத அந்த ஒருவர்தான் எண்மர் படகில் முன்னோக்கி அமர்ந்திருப்பவர். படகைச் செலுத்தும் திசை, எதிரணியின் நிலை, வீச்சை உயர்த்த வேண்டிய தருணம் ஆகிய அனைத்தையும் அவரே ஒலிபெருக்கி வழியாகச் சொல்கிறார். முதுகு காட்டி அமர்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் அவருடைய சொல்லே கண். நால்வர் படகு ஒன்றில் அவர் முன்முனையில் மல்லாந்து படுத்தபடியே வழிகாட்டுவார். 2017 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் ஆண்கள் அணிக்குப் பெண்ணும் பெண்கள் அணிக்கு ஆணும் சுக்கான் பிடிக்கலாம்.

1900-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில், நெதர்லாந்தின் பிரான்சுவா பிராண்ட், ருலோஃப் கிளைன் இருவரும் சுக்கான் பிடிப்பவருடன் கூடிய இருவர் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்டனர். அவர்களின் சுக்கான் பிடிப்பவர் எர்மனுசு பிராக்மன், 60 கிலோகிராம் எடையுள்ள பெரியவர். தொடக்கச் சுற்றில் அவர்கள் பிரெஞ்சு அணியிடம் தோற்றனர். பிரெஞ்சு அணியினரோ சிறுவர்களை ஏற்றியிருந்தனர். இறுதிப் பந்தயத்திற்கு முன்பு, கரையில் கூடியிருந்தோரிடையே ஒரு பிரெஞ்சுச் சிறுவனைத் தேடிப் பிடித்துத் தம் படகில் அமர்த்தினர் நெதர்லாந்து வீரர்கள். படகு 0.2 நொடி வேறுபாட்டில் வென்றது. வெற்றிக்குப்பின் இருவருக்கும் நடுவே அச்சிறுவன் நிற்கும் ஒளிப்படம் இன்றும் உள்ளது. அவன் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. ஒலிம்பிக் வரலாற்றின் மிக இளைய வெற்றியாளர்களுள் ஒருவனாக அவன் இருக்கக்கூடும். வயதும் தெரியாததால் அதனை உறுதிப்படுத்தும் வழி இல்லை.

இக்கதையைச் சுவையான செய்தியாக மட்டும் சொல்லிச் செல்வோர் பலர். அச்சிறுவன் அவனுடைய எடைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பதை மறந்துவிடலாகாது. எடை குறைந்தவரே வேண்டும் என்ற நிலை நீடித்திருந்தால், இன்று பதினாறு வயது மாணவர்கள் சுக்கான் பிடிப்பதற்காகப் பட்டினி கிடக்க நேர்ந்திருக்கும். அதனைத் தடுக்கத்தான் குறைந்த அளவு எடை விதிக்கப்பட்டது. பன்னாட்டு விதிப்படி அது 55 கிலோகிராம். அதற்குக் குறைந்தவர் தம் இருக்கையருகே எடைக்கட்டிகளைச் சுமந்து அதனை நிறைவு செய்ய வேண்டும், மெலிந்து பயனில்லை. விளையாட்டில் இயற்றப்பட்ட நல்ல விதிகளுள் இதற்கு முதன்மையான இடம் தரலாம். வென்ற அணியினர் சுக்கான் பிடித்தவரைத் தூக்கி நீரில் எறிந்து மகிழும் வழக்கம் மட்டும் மாறவே இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இவ்விளையாட்டோடு பழைய உறவு உண்டு. சென்னை அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்க்கும் கொழும்புப் படகோட்டிகளுக்கும் இடையிலான பந்தயம் 1898-இல் தொடங்கியது. காலனியக் கால வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காக அமைத்த களம் அது. மண்ணின் மைந்தர்க்கு அதன் கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டியின் துடுப்புப் படகோட்டத்தில் முதல் தங்கத்தை 2010-இல்தான் பெற்றது. குவாங்சோ நகரில் ஒற்றைப் படகில் அதனை வென்றவர் பஜ்ரங் லால் தாக்கர். இராசத்தானில் பிறந்தவர்.

பதக்கத்திற்குப் பின்

இளையோர் போட்டியில் வென்ற பதக்கம் எதிர்காலத்திற்கு உறுதி அளிப்பதில்லை. நியூசிலாந்தின் எம்மா ட்விக் 2005-இல் செருமனியின் பிராண்டன்பர்க்கில் இளையோர் ஒற்றைப் படகுப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அவருக்கு நான்காம் இடம், பதக்கம் இல்லை. 2016 இரியோவிலும் அதே நான்காம் இடம். அதன்பின் விளையாட்டிலிருந்து விலகினார். சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றபோது இளையோர் வெற்றிக்கும் அதற்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. 2024-இல் பாரிசில் வெள்ளியும் பெற்றார்.

திராக்காயில் 2017-இல் ஆண்கள் ஒற்றைப் படகுப் பந்தயத்தை வென்றவர் அமெரிக்காவின் கிளார்க் டீன். அடுத்த ஆண்டு செக் நாட்டின் இராசித்சேயிலும் அதே பட்டத்தை வென்றார். உடனிருப்போர் ஒருவருமில்லாமல், தம் வீச்சின் சீரைத் தாமே வகுத்துக்கொண்டு, உலகின் இளையோர் அனைவரையும் இருமுறை முந்தியவர் அவர். ஒலிம்பிக்கிலோ அவர் ஒற்றைப் படகில் ஏறவில்லை. டோக்கியோவில் நால்வர் படகில் துடுப்பு வலித்தார். அந்த அணிக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. பாரிசில் அமெரிக்காவின் எண்மர் படகில் இடம்பெற்றார். எட்டுப் பேரில் ஒருவராக, மற்ற எழுவரின் வீச்சோடு தம் வீச்சைப் பொருத்தி, அங்கு வெண்கலம் பெற்றார்.